சிற்றுயிர் கண்ட பேருலகு

சென்னையிலிருந்து வடக்கே புறப்படும் புறநகர் மின்வண்டிகளுள் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகின்றன. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து அங்கு வந்து இறங்குவோருள் பெரும்பாலோர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். ஷிப்டு நேரம் தவறிவிடுமோ என்னும் கவலை அவர்கள் கால்களில் தெரிகின்றது. நமக்கு அத்தகைய அவசரம் ஏதுமில்லை. ஆகவே, அன்று நடைமேடையில் இருந்த சிமெண்டுப் பலகையொன்றில் சற்று அமர்ந்தோம். யாரோ தின்றுவிட்டுப் போட்ட வேர்க்கடலைப் பருப்பொன்றைப் பிள்ளையார் எறும்புகள் சில இழுத்துச் சென்றுகொண்டிருந்தன. வண்டியொன்று நிலையத்துள் நுழைந்தது. மேடை அதிர்ந்தது. நூற்றுக்கணக்கான கால்கள் அந்த எறும்புகளுக்கு முன்னும் பின்னும் விழுந்தன. கூட்டம் கலைந்தபின் குனிந்து பார்த்தோம். பருப்பு இரண்டு சாண் தூரம் நகர்ந்திருந்தது.

நாம் சென்றது நம் தங்கையின் மகள் வீட்டுக்கு. அவள் கணவர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் பணி செய்கின்றார். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என மாறிமாறி வேலை. குடியிருப்பது வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளுள் ஒன்று. தண்ணீர் நாள் விட்டு நாள் வருவதால், வாசலுக்குப் பக்கத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள் மூன்று எப்போதும் நிரம்பியிருக்கும். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரே பெண் குழந்தை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அக்குழந்தைக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போயின. நான்கு இரவுகள் மருத்துவமனைக் கட்டிலின் அருகே நின்றபடி, குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததாகத் தாய் பின்னர் நம்மிடம் சொன்னாள். நல்லவேளையாகக் குழந்தை பிழைத்துக்கொண்டது.

அன்றுமுதல் அந்த வீட்டில் சிறு பூச்சி எதற்கும் இடமில்லாது போயிற்று. வாசற்படியில் எறும்பு மருந்துச் சாக்குக்கட்டியால் கோடு, மூலைகளில் பொடி, அலமாரியில் தெளிப்பான் குப்பிகள் இரண்டு. நாம் சென்ற வேளையில் அவள் சுவரோரம் ஊர்ந்த எறும்பு வரிசையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அருகே குந்தியிருந்த குழந்தை நம்மை நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, எறும்புக்கு நம்மைத் தெரியுமா?" என்று கேட்டது.

"உன்னைத் தெரிந்து அதற்கு என்ன ஆகப்போகிறது?" என்று தாய் குறுக்கிட்டாள். பின்னர் நம் பக்கம் திரும்பி, "சின்னது, பாவம் என்று எல்லாரும் சொல்கிறார்கள் மாமா. சின்னதுதானே என் பிள்ளையைக் கொண்டுபோகப் பார்த்தது?" என்றாள்.

தாயின் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. குழந்தையின் கேள்விக்கு மட்டும் ஓரளவு விடை கூற இயலும் என்று தோன்றியது. அதனையே இம்மாதம் நேயர்களோடும் பகிர்ந்துகொள்கின்றோம்.

எறும்பின் கண் நம் கண்ணைப் போன்றதன்று. சின்னஞ்சிறு வில்லைகள் பல சேர்ந்த கூட்டுக்கண் அது. அக்கண்ணில் நம் முகம் முகமாகத் தெரிய வழியில்லை. நாம் நிற்கும்போது இருட்டான ஒரு பெருவடிவம், நடக்கும்போது தரையின் அதிர்ச்சி, அவ்வளவே. எறும்பின் உலகம் பெரும்பாலும் மணங்களால் ஆனது. அது தன் உணர்கொம்புகளால் தரையைத் தொட்டுத்தொட்டு, முன்னே சென்ற எறும்பு இட்டுச்சென்ற மணத்தை முகர்ந்து வழி காண்கின்றது. தாய் ஈரத்துணியால் துடைத்தாள் அல்லவா? நமக்கு அது சுவரைத் துடைத்த செயல். எறும்புக்கோ, இருந்த நெடுஞ்சாலை திடீரென மறைந்துபோன பேரிடர். துடைத்த இடத்தின் விளிம்பில் அவை திகைத்து நின்று, முன்னும் பின்னும் அலைவதை நம் வீடுகளில் எவரும் காணலாம்.

தன் இனத்தாரையும் எறும்பு மணத்தாலேயே அறிகின்றது. எட்வர்ட் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1958-ஆம் ஆண்டில் ஒரு விந்தையை வெளியிட்டார். இறந்த எறும்பின் உடலில் சில நாட்களில் ஒலியிக் அமிலம் என்னும் பொருள் உண்டாகின்றது. அம்மணம் வந்தபின்பே மற்ற எறும்புகள் பிணத்தைத் தூக்கிச்சென்று குப்பைமேட்டில் போடுகின்றன. வில்சன் அந்த அமிலத்தை உயிருள்ள ஓர் எறும்பின்மேல் சிறிது தடவிவிட்டார். கால்களை உதைத்துத் திமிறியபோதிலும், தோழர்கள் அதனைத் தூக்கிச்சென்று பிணங்களோடு போட்டுவிட்டன. அது எழுந்து திரும்பி வந்தது; மீண்டும் தூக்கிச்சென்றன. தன்னைத் துடைத்துத் துடைத்து அம்மணம் போக்கிய பின்னரே அதற்குக் கூட்டில் இடம் கிடைத்தது. கண்ணெதிரே நடமாடுவோரை இல்லாதவராகக் கருதும் வழக்கம் மனிதரிடையேயும் உண்டு. ஆனால் எறும்பிடம் வஞ்சகம் கிடையாது.

மணம் நிலைக்காத கொதிமணலில் வாழும் எறும்புகள் என்ன செய்யும்? சகாராப் பாலைவனத்து எறும்பொன்று தன் அடிகளை எண்ணுகின்றது என்று 2006-ஆம் ஆண்டில் ஆய்வாளர் மூவர் மெய்ப்பித்தனர். இரை தேடிச் சென்ற எறும்புகளைப் பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினர். சிலவற்றின் கால்களைக் குறைத்தனர். வீடு திரும்புகையில் பொய்க்கால் எறும்பு தன் வளையைத் தாண்டி வெகுதூரம் சென்று தேடியது. குறுங்கால் எறும்பு வளையை எட்டுமுன்னரே நின்று தேடியது. கால் குறைக்கப்பட்டவற்றை எண்ணும்போது மனம் சற்றுக் கசக்கின்றது. ஆயினும், ஊசிமுனை அளவான அந்த மூளையில் ஒரு கணக்கேடு இருப்பதை அறிந்தபின் எறும்பை முன்போல் பார்க்க முடிவதில்லை.

ஒவ்வோர் உயிரும் தன் புலன்களுக்கு எட்டிய அளவிலேயே ஓர் உலகைப் படைத்துக்கொண்டு அதனுள் வாழ்கின்றது என்று எடுத்துரைத்தவர் யாக்கோப் வான் யூக்ஸ்குல். எஸ்தோனியாவில் 1864-இல் பிறந்தவர். 1934-இல் வெளிவந்த தம் நூலில் அவர் காட்டிய எடுத்துக்காட்டு நம் ஊர் மாட்டுக்காரர் அனைவரும் அறிந்த உண்ணிதான். அவர் கூறிய உண்ணிக்குக் கண்ணில்லை. தோலால் ஒளியை உணர்ந்து புல்லின் நுனிக்கு ஏறுகின்றது. அங்கே காத்திருக்கின்றது. பாலூட்டிகளின் தோலிலிருந்து எழும் ஒரு வகை அமில மணம் பட்டவுடன் பிடியை விட்டு விழுகின்றது. விழுந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தால் மயிரற்ற பகுதியைத் தேடிக் கடிக்கின்றது. மாடு கறுப்பா சிவப்பா, கொம்பு நேரா வளைவா, உழவனுக்கு அது எத்தனை அருமையானது என்பவற்றில் ஒன்றும் உண்ணிக்குத் தெரியாது. மணம், சூடு, தோல் ஆகிய மூன்றே அதன் உலகில் மாடு என்பதன் பொருள். இரையின்றிப் பதினெட்டு ஆண்டுகள் உயிரோடிருந்த உண்ணிகள் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் இருந்தனவாம். பதினெட்டு ஆண்டுகள் ஒரு மணத்துக்காகக் காத்திருப்பது எத்தகைய காலம் என்று நம்மால் எண்ணிப்பார்க்கவும் கூடவில்லை.

புலன்கள் ஒருபுறமிருக்க, உருவத்தின் அளவே உலகை மாற்றிவிடுகின்றது. இந்தியாவுக்கு 1957-இல் வந்து குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், இதைப்பற்றி 1926-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை வரைந்திருந்தார். உயிரொன்றின் நீளம் பாதியானால் அதன் மேற்பரப்பு நாலில் ஒன்றாகும். எடையோ எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே, உருவம் சிறுக்கச் சிறுக்க எடையின் வலிமை குறைந்து, மேற்பரப்பைப் பற்றும் காற்றும் நீரும் வலிமை பெறுகின்றன. ஆலைப் புகைபோக்கியின் உச்சியிலிருந்து எறும்பு விழுந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. எழுந்து தன் வழியே போய்விடும். அதே எறும்பு ஒரு துளி நீருள் அகப்பட்டால் மீள்வது அரிது. குளித்துவிட்டு வரும் மனிதன் தன் உடம்பில் சுமக்கும் நீர் அரைக் கிலோ அளவே. நனைந்த ஈயோ தன் எடையைப்போல் பல மடங்கு நீரைச் சுமக்கவேண்டும். நாம் அஞ்சவேண்டியது பள்ளத்தை; அவை அஞ்சவேண்டியது பனித்துளியை.

அங்ஙனமாயின் மழையில் கொசு எவ்வாறு பறக்கின்றது? ஒரு மழைத்துளி கொசுவைக் காட்டிலும் ஐம்பது மடங்கு எடை கொண்டதாக இருக்கலாம். மனிதன் மீது பேருந்து விழுவதற்கு அது ஒப்பானது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 2012-இல் இதனைப் படம்பிடித்துக் காட்டினர். கொசு துளியை எதிர்த்து நிற்பதில்லை. எடையற்றதுபோல் இருப்பதால் துளியோடு சேர்ந்து சிறிது தூரம் கீழே போய், பக்கவாட்டில் நழுவி விடுபட்டுவிடுகின்றது. தரைக்கு மிக அருகில் அடிபட்டால் மட்டுமே ஆபத்து.

காலமும் அவற்றுக்கு வேறாக ஓடுகின்றது. வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடும் திரைப்படம் நமக்கு அசைவாகத் தோன்றுகின்றது. ஈயின் கண்ணோ வினாடிக்கு 200-க்கும் மேற்பட்ட மின்னல்களைத் தனித்தனியே பிரித்தறியவல்லது. அதற்கு அத்திரைப்படம் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிய அசையாப் படங்களே. சோக்குக் கட்டை பொருத்திய பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றது. நாம் அதனை நிலையான ஒளி என்கின்றோம். ஈக்கு அது ஓயாத துடிப்பு. விசிறிமட்டையை ஓங்கும் நம் கை, ஈயின் பார்வையில் சோம்பலாக இறங்கிவரும் ஒரு பெரும் பாரம். அது தப்பிவிடுவதில் வியப்பொன்றுமில்லை.

இவற்றையெல்லாம் குழந்தைக்கு ஏற்றவாறு சொல்லிக்கொண்டிருக்கையில் இருட்டிவிட்டது. நம் மருமகன் அன்று இரவு ஷிப்டு. அவரை ஆலை வாயில்வரை கொண்டுபோய் விட்டுவரலாம் என்று நாமும் உடன் நடந்தோம். தொழிற்பேட்டையின் சாலைகளில் உயரமான கம்பங்களில் விளக்குகள். ஒவ்வொன்றின் கீழும் பூச்சிகள் புகைபோல் சுழன்றன. "தினமும் காலையில் கூட்டி அள்ளுகிறார்கள் மாமா. மழை பெய்த மறுநாள் ஈசல் கூடைகூடையாக இருக்கும்" என்றார் அவர்.

விட்டில் விளக்கை விரும்பி வந்து விழுகின்றது என்றே நாம் நெடுங்காலம் சொல்லி வந்துள்ளோம். காதலுக்கும் பேராசைக்கும் அதனை உவமையாக்கினோம். பாவம், விட்டிலின்மேல் வீண்பழி. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வு வேறு காரணம் கூறுகின்றது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம் ஃபேபியன், யாஷ் சோந்தி முதலானோர் விரைவுக் காமிராக்களால் பூச்சிகளின் பறப்பைப் படம்பிடித்தனர். இரவிலும் வானம் நிலத்தைவிடச் சற்று வெளிச்சமானது. எனவே, வெளிச்சம் எப்பக்கமோ அப்பக்கமே மேல் என்று கொண்டு, பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளிக்குக் காட்டி நேர்நிலை பெறுகின்றது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த விதி பொய்த்ததில்லை. இப்போது நாம் வானத்தை ஒரு கண்ணாடிக் குடுவையுள் அடைத்துக் கம்பத்தில் மாட்டியிருக்கின்றோம். பூச்சி அதற்கும் முதுகைக் காட்டுகின்றது. காட்டியவுடன் பாதை வளைகின்றது. வளைந்து வளைந்து விளக்கையே சுற்றுகின்றது. ஒளி கீழிருந்து வருமாயின் மல்லாந்து தரையில் விழுகின்றது. அவை விளக்கை நாடி வரவில்லை. எது வானம் என்று தெரியாமல் தடுமாறுகின்றன.

திரும்பி வரும் வழியில் புத்தம்புதுக் கார்களை ஏற்றிய நீண்ட லாரியொன்று நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருந்தது. அதைக் கண்டதும் தும்பிகளின் நினைவு வந்தது. நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கின்றது. நம் கண் அதனை வேறுபடுத்திக் காண்பதில்லை. தும்பியின் கண் காண்கின்றது; அதைக்கொண்டே கீழே இருப்பது குளம் என்று முடிவு செய்கின்றது. பளபளக்கும் காரின் கூரையும் ஒளியை அவ்வாறே திருப்புகின்றது. சிவப்பும் கறுப்பும் ஆகிய நிறங்களில் இது மிகுதி என்று ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவே, தும்பி காரின் கூரையில் வாலைத் தொட்டுத்தொட்டு முட்டையிடுகின்றது. சுடும் தகட்டில் முட்டைகள் காய்ந்து போகின்றன. தன் கூட்டுக்கண் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30,000 வரை வில்லைகள் கொண்ட உயிர்; பறக்கும்போதே கொசுவைப் பிடித்துத் தின்னவல்ல உயிர்; நீரில் வாழும் அதன் குஞ்சு கொசுப்புழுவைத் தின்று வளர்வது. அத்தகையது தகரத்தை ஏரி என்று நம்பி ஏமாறுகின்றது. திருவள்ளூர் மாவட்டம் ஏரிகளுக்குப் பெயர்போனது என்பதை எண்ணுகையில் இது சற்று வருத்தமாகவே இருக்கின்றது.

நம் பொருள்களை அவை தவறாகப் படிப்பதால் எப்போதும் அவற்றுக்குக் கேடே விளைகின்றது என்றும் சொல்வதற்கில்லை. மறுநாட்காலையில் நம் தங்கை மகள் அரிசியை முறத்தில் கொட்டி வெயிலில் வைத்தாள். வண்டுகள் நாற்புறமும் ஓடின. நம் பகுதியின் அரிசியில் பெரும்பங்கு செங்குன்றத்து ஆலைகளின் வழியே வருகின்றது. ஆனால் வண்டின் கதை ஆலைக்கும் முந்தியது. மூக்கு நீண்ட அந்தச் சிறு வண்டு, அரிசிமணியில் ஒரு துளையிட்டு, ஒரு முட்டையை வைத்து, பசைபோன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடுகின்றது. உள்ளே பிறக்கும் புழுவுக்குக் காலில்லை, தேவையுமில்லை. சுவர், கூரை, சோறு எல்லாம் ஒரே மணி. வீட்டைத் தின்று தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் சுவரைத் துளைத்து வண்டாக வெளிவருகின்றது. மனிதன் எதற்காக நெல் விளைவித்து, உமி நீக்கி, மூட்டை கட்டி வைக்கின்றான்? வண்டைக் கேட்டால், தன் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கவே என்று கூறும். இதன் உறவான கோதுமை வண்டு நம் களஞ்சியங்களையே முழுதும் நம்பி, பறக்கும் ஆற்றலையும் விட்டுவிட்டது. வண்டியும் கப்பலும் ஏற்றிச் செல்ல நாம் இருக்கின்றோமே!

பழவேற்காட்டுக்குப் போய்வந்தவர்கள் பூநாரைகளைப் பார்த்திருப்பார்கள். நீர் வடிந்த சேற்றங்கரையில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகளும் அங்கு உண்டு. நாம் நெருங்கினால் அனைத்தும் வளைக்குள் மறையும். குழந்தையைத் தரையில் படுக்கவைத்து அசையாதிருக்கச் சொன்னால் ஒவ்வொன்றாக வெளியே வரும். சமதளமான சேற்றில் வாழும் அந்நண்டின் கண்கள் காம்பின்மேல் நிமிர்ந்து நிற்கின்றன. கண்மட்டத்துக்குக் கீழே அசைவது தன்னையொத்த நண்டு. மேலே அசைவது எதுவாயினும் பகை. அதன் உலகச் சட்டம் இவ்வளவு எளிது. நிமிர்ந்து நடக்கும் மனிதன் எத்தனை நல்லவனாயினும் அங்கே பகைவனே.

இனிக் கொசுவுக்கு வருவோம். தாயின் வழக்கு அதனோடுதான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் மூதாதையர் ஆப்பிரிக்கக் காடுகளில் வாழ்ந்தவர்கள். மழைநீர் தங்கிய மரப்பொந்துகளில் முட்டையிட்டவர்கள். இருண்ட வாய், சொரசொரப்பான சுவர், அசையாத தெளிந்த நீர் என்பவையே அதன் மனத்தில் பொந்துக்கு அடையாளங்கள். வாசலில் நாம் நிறுத்தியிருக்கும் பீப்பாய் அவ்வடையாளங்களுக்கு அப்படியே பொருந்துகின்றது. விட்டில் விளக்கை வானம் என்றும், தும்பி காரைக் குளம் என்றும் எண்ணி அழிகின்றன. கொசுவோ பீப்பாயை மரப்பொந்து என்று எண்ணிப் பெருகுகின்றது. அது முட்டையிடுவது நீரில் அன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில். நீரைக் கொட்டிவிட்டால் முட்டை போய்விடும் என்று நம்மில் பலர் கருதுகின்றனர். போவதில்லை. காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, மீண்டும் நீர் ஏறியதும் பொரிக்கின்றது. ஏழிலிருந்து பத்து நாட்களில் கொசுவாகின்றது. ஆகவே, வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேங்காய்நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். பீப்பாயை இடைவெளியின்றி மூடவேண்டும். அலமாரியில் இருந்த இரண்டு தெளிப்பான் குப்பிகளைக் காட்டிலும் ஒரு பிடி நாரே பயன் தருவது. நாம் இதைச் சொன்னதும் நம் தங்கை மகள் எழுந்துபோய், முதற் பீப்பாயின் நீரைக் குடங்களுக்கு மாற்றி, கவிழ்த்துத் தேய்க்கலானாள். கொசு வெகுதூரத்திலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்வு முடிகின்றது. எனவே, பக்கத்து வீட்டுப் பீப்பாயும் நம் கவலைதான் என்றோம். அவள் தலையாட்டினாள். பக்கத்து அறைகளில் வடமாநிலத் தொழிலாளர் எட்டுப்பேர் தங்கியிருக்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எவ்வாறு சொல்வது என்று மட்டும் கேட்டாள். நாரைக் கையில் கொடுத்துச் செய்து காட்டினால் போதாதா என்று நமக்குத் தோன்றியது.

"அந்தக் கொசுவுக்காவது என்னைத் தெரியுமா?" என்று குழந்தை விடாமல் கேட்டது.

ஒரு வகையில் தெரியும் என்றே சொல்லவேண்டியிருந்தது. கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டைகள் முதிர்வதற்கு அதற்குக் குருதி வேண்டும். நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு காற்றில் இழை இழையாக மிதந்து செல்கின்றது. அந்த இழை உணர்கொம்பில் பட்டவுடன் கொசு விழித்துக்கொள்கின்றது. அதன்பின்னரே அதன் கண்கள் தேடத் தொடங்குகின்றன. மூச்சின் மணத்தை உணர்ந்த ஏடிஸ் கொசு சிவப்பு, செம்மஞ்சள் வண்ணங்களை நாடிப் பறக்கின்றது என்றும், மணமில்லாதபோது அவற்றைப் பொருட்படுத்துவதில்லை என்றும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2022-இல் கண்டறிந்தனர். கறுப்போ வெளுப்போ, மனிதத் தோல் எதுவாயினும் அந்தச் சிவப்பொளி அதிலிருந்து வருகின்றது. இன்னும் நெருங்கினால் தோலின் மணமும் சூடும் வழிகாட்டுகின்றன. பெயர் இல்லை, முகம் இல்லை, ஒரே பெண் என்பதும் இல்லை. கொசுவின் உலகில் இக்குழந்தை ஒரு மூச்சு. அதன் முடிவில் சிறிது வெப்பம். கடித்த கொசு தன் உடலில் இருந்த நோய்க்கிருமியையும் அறியாது.

இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது எண்ணுகின்றோம். தாய் பீப்பாயைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பகை என்று ஒன்றும் இல்லையா அதற்கு?" என்றாள். இல்லை என்றோம். "எனக்கு இருக்கிறது மாமா" என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்து தேய்த்தாள். நார் சுவரில் உரசும் ஓசை வெகுநேரம் கேட்டது.

வெயில் ஏறுமுன் வண்டியைப் பிடிக்கவேண்டும் என்று நாம் பையை எடுத்தோம். வாசற்படியில், மருந்துக் கோட்டுக்கு அப்பால், எறும்புகள் புதிய வழியொன்றைக் கண்டுபிடித்து முறத்திலிருந்து சிந்திய குருணையைச் சுமந்து சென்றன. குழந்தை அங்கே சப்பணமிட்டு அமர்ந்திருந்தது. ஆனால் அதன் கண்கள் எறும்பின்மேல் இல்லை. கன்னங்கள் இரண்டும் உப்பி, உதடுகள் இறுகி, முகம் சிவந்திருந்தது.

"என்னடி செய்கிறாய்?" என்றாள் தாய்.

குழந்தை பதில் சொல்லவில்லை. விரலால் தன் வாயைச் சுட்டிக்காட்டி, பிறகு பீப்பாய்ப் பக்கம் காட்டியது. அது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. கொசுவுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டிருந்தது.

தாயின் கையிலிருந்து நார் நழுவி விழுந்தது. ஓடிவந்து குழந்தையின் தோள்களைப் பற்றினாள்.

"மூச்சை விடடி. விடு. விடு என்கிறேன்."

குழந்தை சிரித்துக்கொண்டே பெருமூச்சு விட்டது.